காணா உயிரும் கூறா மெய்யும்

மருத்துவமனை யென்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்போர் மருத்துவரும் செவிலியருமே யாவர். நோயாளி அவரை அறிவான். நலமெய்தி வீடு திரும்புங்கால் அவர்க்கே நன்றி கூறுவான். ஆயின், அவன் ஒருகாலும் அடிவையாத அறையொன்று பெரிய மருத்துவமனைகளில் உண்டு. அங்குப் பணிபுரிவோர் அவன் முகத்தைக் காணார். அவனும் அவர் பெயரை அறியான். அவனுடைய இரத்தமும் சளியும் சீழும் மட்டுமே எண்ணிட்ட குப்பிகளில் அங்குச் செல்லும். அதுவே நுண்ணுயிரியற் பகுதியாகும். தமிழிலக்கியம் பயிலும் எமக்கு அவ்வறையோடு யாது தொடர்பெனின், எம் தம்பியின் நோயும் எம் பிழையுமே அத்தொடர்பினை உண்டாக்கின.

சென்ற ஆண்டு, கார்த்திகை மழை ஓயாது பெய்துகொண்டிருந்த நாட்களில், யாம் ஊருக்குச் சென்றிருந்தோம். பன்னிரண்டு வயதினனாகிய தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. தந்தையார் வெளியூரில் இருந்தமையின், வீட்டில் மூத்தவர் யாமே என்னும் பெருமிதம் எமக்கு. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோமா, ஐயா?” என்று அன்னையார் வினவ, “இச்சிறு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி எதற்கு, அம்மா?” என்று விடையிறுத்து, மருந்துக்கடைக்கு ஓடி, மருத்துவர் சீட்டின்றியே கிருமிகொல்லி மாத்திரைகள் மூன்று நாளைக்கு வாங்கிக் கொடுத்தோம். காய்ச்சல் சற்றே தணிந்தது; எம் செருக்கோ ஏறிற்று. ஐந்தாம் நாள் காய்ச்சல் முன்னினும் மிகுந்து மீண்டது.

தந்தையார் விரைந்து வந்து தம்பியை நகரத்து மருத்துவமனை யொன்றிற் சேர்த்தார். அங்கு மருத்துவர் முதற்கண் வினவியது, “இதற்குமுன் மாத்திரை ஏதேனும் கொடுத்தீர்களா?” என்பதே. தந்தையார் அருகே நின்றார். “இல்லை, ஐயா” என்றோம். அவ்விரு சொற்களும் எத்துணை எளிதாக எம் வாயினின்று வெளிப்பட்டன! அன்னையார் எம்மை ஒருமுறை நோக்கினார், ஒன்றும் கூறிற்றிலர்.

எம் பெரியப்பாவின் மகளார் அம்மருத்துவமனையின் நுண்ணுயிரியற் பகுதியில் ஆய்வுப் பணியாளராக இருக்கின்றார். மூன்றாம் நாள், துறைத்தலைவரின் இசைவு பெற்று, அவர் எம்மைக் கண்ணாடித் தடுப்பின் புறத்தே நிறுத்தி, உள்ளே நடப்பவற்றை விளக்கினார். தம்பியின் இரத்தம் ஊட்டநீர் நிறைந்த குப்பியிற் பெய்யப்பட்டு, உடலின் வெம்மையை யொத்த வெம்மையில் ஒரு பொறியினுள் வைக்கப்பட்டிருந்தது. கிருமி உளதாயின் அஃது உண்டு பெருகிக் கரியமிலவாயுவை வெளிவிடும். பொறி அதனை உணர்ந்து அறிவிக்கும். பின்னர் அக்குப்பியினின்று ஒரு துளி எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றுவர். டென்மார்க்கு நாட்டினராகிய கிராம் என்பார் 1884-இல் வெளியிட்ட அம்முறையில், ஒருசாரன ஊதாவாகவும் பிறிதொருசாரன செந்நிறமாகவும் தோன்றும். அதன்பின், தட்டிலுள்ள கெட்டிப் பசையின்மீது அத்துளியைக் கோடுகோடாக இழுத்து ஓரிரவு வைப்பர். கண்ணுக்குப் புலனாகாத ஓருயிர் விடிவதற்குள் கோடிக்கணக்காய்ப் பெருகி, கடுகளவு புள்ளியாய்க் காட்சி தரும்.

அப்பசையின் வரலாறு எம்மைப் பெரிதும் கவர்ந்தது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் முதலில் விலங்கின் எலும்பு, தோல் இவற்றினின்று எடுத்த பசையே வழங்கிற்று. அது வெம்மையில் உருகிப் பயனற்றுப் போயிற்று. 1881-இல், அக்கூடத்தில் உழைத்த ஒருவரின் மனைவியாராகிய ஃபானி ஹெஸ்ஸே அம்மையார், தம் அடுக்களையில் இனிப்புப் பண்டங்களுக்கு வழங்கிய கடற்பாசிப் பசையைப் பயன்படுத்துமாறு கூறினார். அடுக்களையிற் பிறந்த அவ்வறிவே இன்று உலகத்து ஆய்வுக்கூடங்களில் நிலைபெற்றுள்ளது. மன்னார் வளைகுடாவில் நம் பெண்மக்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசிகளிலும் இப்பசை தருவன உள.

இவற்றை யெல்லாம் கூறியபின், அக்கா சற்றே கவலையுற்றவராய், “உன் தம்பியின் குப்பி இரண்டு நாளாக வாளா இருக்கின்றது. குறிகள் எல்லாம் குடற்காய்ச்சலின் குறிகளே, கிருமியோ வளரவில்லை. முன்னரே அரைகுறையாக மருந்துண்டவர் இரத்தத்தில் இவ்வாறு நேர்வதுண்டு. கிருமி மாளாது, மறைந்து கிடக்கும். ஆனால், நீங்கள்தாம் ஒன்றும் கொடுக்கவில்லையே!” என்றார். அவர் எம்மை ஐயுற்றுக் கூறினாரல்லர். அதுவே எம்மைச் சுட்டது. “கொடுத்தோம், அக்கா” என்று கூறித் தலைகவிழ்ந்தோம்.

அவர் சினந்திலர். “இதனை என்னிடம் கூறிப் பயனில்லை, தம்பி. மருத்துவரிடம் கூறு, வா” என்று கையைப் பற்றி அழைத்துச் சென்றார். தந்தையாரும் அங்கிருந்தார். மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டறிந்த மருத்துவர், எஞ்சிய மருந்தை உறிஞ்சவல்ல பொருள் கலந்த வேறு குப்பியில் மீண்டும் இரத்தம் எடுப்பித்து, உடனே வேறொரு மருந்தினை ஊசிவழி ஏற்றத் தொடங்கினார்.

மறுநாள் மாலை பொறி அறிவித்தது. சாயத்தில் செந்நிறக் கோல்கள் தோன்றின. அடுத்து நடந்த சோதனைகளில் குடற்காய்ச்சற் கிருமியே யென்பது துணியப்பட்டது. பின்னர், அக்கிருமியைப் பரப்பிய தட்டின்மீது பல மருந்துகள் தோய்ந்த காகித வில்லைகளை வைத்து ஓரிரவு விட்டனர். மருந்து வெல்லுமாயின் வில்லையைச் சூழத் தெளிந்த வட்டம் தோன்றும்; அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிவுசெய்வர். அவ்வில்லைகளுள் ஒன்று யாம் வாங்கிய மருந்து. ஏனையவற்றைச் சுற்றி அகன்ற வட்டங்கள் இருப்ப, அதனைச் சுற்றி இருந்ததோ மிகச் சிறியது. “உன் மருந்து இதனை ஒளித்துவைத்தது, ஒழிக்கவில்லை” என்றார் அக்கா.

தந்தையார் அன்றிரவு யாதும் பேசவில்லை. மறுநாட் காலை, “மாத்திரை வாங்கியது அறியாமை, மறைத்தது அறியாமை யன்று” என்று ஒரே வாக்கியம் கூறினார். அதனினும் நீண்ட வசை எமக்கு வேண்டியிருக்கவில்லை.

1928-இல் பென்சிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்று நிகழ்த்திய சொற்பொழிவில் ஒரு கற்பனைக் கதை கூறினார். ஒருவன் தொண்டை நோய்க்குத் தானே மருந்து வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கின்றான். மடியாத கிருமி மருந்தை எதிர்க்கப் பழகி அவன் மனைவியைப் பற்றுகின்றது. அவளுக்கு அம்மருந்து பயன்படாமையின் இறக்கின்றாள். கதை மெய்யாயிற்று. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்களால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என அறிஞர் கணித்துள்ளனர். யாமும் அக்கதையின் மாந்தராகும் எல்லைவரை சென்று மீண்டோம்.

ஏட்டுச்சுவடி பதிப்பிப்போர், ஓரெழுத்தினை ஐயுறின் பல ஏடுகளை ஒப்புநோக்கி யன்றி ஒரு பாடத்தைத் துணியார். அவ்வறையில் இருப்போரும் அத்தகையரே. தம் விருப்பத்தை எழுதார். தட்டில் விளைந்ததையே எழுதுவர். ஆயினும், சுவடியைத் திருத்தி வைத்தவன் அதனை மறைப்பானாயின் பதிப்பாசிரியர் யாது செய்வார்? அதுபோல, நோயாளியின் வீட்டார் மெய் கூறாவிடின், எத்துணை நுண்ணிய பொறியும் கைகட்டி நிற்க வேண்டுவதே.

தம்பி நலமெய்தினான். இப்பொழுது பந்தாட்டத்தில் எம்மை வெல்கின்றான். மாணவ நண்பர்காள்! நும் வீட்டில் காய்ச்சல் காணின் மருந்துக்கடைக்கு ஓடற்க. ஓடியிருப்பின், மருத்துவர் வினவும்போது ‘ஆம், ஐயா’ என்னும் இரு சொற்களை மறவற்க.