ஒரு நெடில், இரண்டு குறில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தச் செய்தி வெளியான வாரமே அக்கா மகன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு கடைக்குப் போயிருக்கிறான். 2018 கடைசியில் வாங்கிய கேமிங் கம்ப்யூட்டர் அது. ரைசன் 5 2600 புராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். கடைக்காரர் ஒரு சோதனை மென்பொருளை ஓட்டினார். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. "டிபிஎம் இல்லை. இதுல விண்டோஸ் 11 ஏறாது. புதுசா எடுத்துடுங்க" என்று சொல்லி எழுபதாயிரத்துக்கு ஒரு கொட்டேஷன் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுபதாயிரம் என்றதும் அக்கா என்னைத்தான் கூப்பிட்டாள்.

ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். "எதையும் வாங்காதே. ரிச்சி தெருவில் ஒரு பாய் இருக்கார், அவரிடம் காட்டு. காதால பார்க்கிற ஆள்" என்றார். கம்ப்யூட்டரைக் காதால் எப்படிப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும் ஆவலில்தான் கம்ப்யூட்டரோடு மருமகனையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன் என்று சொல்லலாம்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே ரிச்சி தெரு ஆளை விழுங்கிவிடும். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்த்துத்தான் மக்கள் அதை ரிச்சி தெரு என்கிறார்கள். நடைபாதையில் சார்ஜர் கேபிள்கள் குவிந்து கிடக்கும். தலைக்கு மேல் 'சிப் லெவல் சர்வீஸ்' பலகைகள் தொங்கும். "என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா?" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடும் பையன்களும் உண்டு. அவர்கள் கடைக்காரர்கள் அல்ல. நம்மை ஒரு கடையில் சேர்த்தால் அவர்களுக்குக் கமிஷன். அந்தக் கமிஷன் நம் பில்லுக்குள்ளேயே இருக்கும்.

பாயின் இடம் ஒரு மாடிப்படிக்குக் கீழே. ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், ஒரு பழைய மானிட்டர். பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "பேரைப் போட்டா தங்கச்சி மாப்பிள்ளை கடைக்காரன் கோச்சுக்குவான் சார், நான் அவன் கடை வாசல்ல உக்காந்து அவன் சரக்கையே வேணாம்னு சொல்றேன்."

முதலில் அவர் கேபினட்டைத் திறக்கவே இல்லை. மின்சாரத்தைக் கொடுத்து, மருமகனை விளையாடச் சொன்னார். அவன் வேலரன்ட் ஆட, இவர் இன்னொரு பக்கம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். ராம் நிரம்பி வழிந்தது. ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் மூச்சுத் திணறியது. புராசசர் பாதிகூட வேலை செய்யவில்லை, ஆனால் அதன் சூடு 88 டிகிரி. "புராசசர் நல்லா இருக்கு. அதுக்குப் பசை காஞ்சு போச்சு, அவ்ளோதான். தம்பி, நீ இந்த ஆறு கோரையும் வெச்சுக்கோ" என்றார். மெஷின் வேகம் குறைந்தால் எதை மாற்ற வேண்டும் என்பதைவிட எதைத் தொடவே கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழில் என்று அப்போது பட்டது.

பிறகு மெஷினை மறுபடி இயக்கி, பயாஸுக்குள் நுழைந்தார். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் வேலையைச் செய்யும் ஒரு வசதி ஏஎம்டி புராசசருக்குள்ளேயே இருக்கிறது. எஃப்டிபிஎம் என்பார்கள். அந்தக் காலத்துப் பல போர்டுகளில் அது அணைந்த நிலையிலேயே வரும். ரைசன் 2000 வரிசை, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பட்டியலிலும் இருக்கிறது. ஒரு வரியை 'டிசேபிள்'டிலிருந்து 'எனேபிள்'டுக்கு மாற்றினார். செக்யூர் பூட்டையும் போட்டார், அது இல்லாவிட்டால் விண்டோஸ் 11-இல் வேலரன்ட் திறக்காது. இதற்கு என்ன கூலி என்று கேட்டேன். "சுவிட்ச் போட்டதுக்கா?" என்று சிரித்தார்.

கேபினட்டைத் திறந்ததும் முதலில் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கேபினட்டோடு இலவசமாக வந்தது. '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கையில் எடை இல்லை. "ஸ்டிக்கர்ல சின்ன எழுத்தைப் படிங்க" என்றார். 12 வோல்ட் பக்கம் 16 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட்தான். கார்டும் புராசசரும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். இந்த மெஷினில் 65 வாட் புராசசரும் 75 வாட் கார்டும் இருந்ததால் இத்தனை வருடம் தப்பித்திருக்கிறது. நாளைக்குப் பையன் ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒன்றைப் போட்டால் அது ஒன்றே 132 வாட் கேட்கும். "அன்னிக்குப் புகை வரும், கூடவே போர்டையும் இழுத்துட்டுப் போகும்" என்றார். அவர் வாங்கச் சொன்னவற்றில் புதிய எஸ்எம்பிஎஸ் ஒன்றில்தான் பேரம் பேசவே விடவில்லை.

கூலரைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஎம்4 புராசசரின் அடியில் 1331 பின்கள். புராசசருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பசை காய்ந்திருந்தால் கூலரைச் சட்டென்று தூக்கும்போது புராசசரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும், பின்கள் வளையும். அதனால்தான் முதலில் விளையாடச் சொன்னாராம். சூட்டில் பசை இளகும். நான்கு திருகையும் எடுத்துவிட்டு, கூலரை மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தார். வளைந்த பின்களோடு வருபவர்களுக்காக ஒரு 0.5 மைக்ரோடிப் பென்சிலை லெட் இல்லாமல் வைத்திருக்கிறார். அதன் நுனிக்குள் பின்னை நுழைத்து நிமிர்த்துவாராம். புதுப் பசை போட்ட பிறகு சூடு 70-க்குக் கீழேயே நின்றது.

கேபிள்களைப் பின்பக்கமாகக் கட்டி ஒளித்ததையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக எஸ்எஸ்டி-யைப் போர்டில் செருகியதையும் விண்டோஸ் ஏற்றியதையும் நான் கவனிக்கவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது திரை இருட்டாக இருந்தது.

வேறொரு செத்த மெஷினிலிருந்து எடுத்த 8 ஜிபி ராம் ஸ்டிக் ஒன்றைச் சேர்த்திருந்தார். ஒரே ஸ்டிக்கில் ஓடினால் ஒற்றைப் பாதைதான். 2666 வேகத்தில் நொடிக்கு 21 ஜிபி சொச்சம் போகும். இரண்டை இரண்டாவது, நான்காவது இடத்தில் போட்டால் அந்தப் பாதை இரட்டிப்பாகும். போட்டார். ஃபேன் சுற்றியது, திரையில் எதுவும் வரவில்லை. மருமகனின் முகம் வெளிறியது.

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். பட்டன் அளவு கருப்பு உருளை, அதிலிருந்து இரண்டு ஒயர், முனையில் நான்கு ஓட்டை கனெக்டர். முன்பெல்லாம் எல்லாக் கேபினட்டிலும் இது இருந்தது. இப்போது பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை, ஆனால் போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதிய நான்கு பின் இன்னும் இருக்கிறது. அதில் செருகி மெஷினை ஆன் செய்தார். நீளமான பீப், இடைவெளி, மறுபடி நீளமான பீப்.

"ராம்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இதைத்தான் நண்பர் காது என்று சொன்னார். கம்ப்யூட்டர் எழுந்ததும் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். திரையே வேலை செய்யாதபோது குறையை எப்படிச் சொல்லும்? பீப் அடித்துச் சொல்லும். ஒற்றைக் குட்டை பீப் என்றால் எல்லாம் சரி. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பெரும்பாலும் டிஸ்ப்ளே கார்டு. ஒரு நெடில், இரண்டு குறில் என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். நீளம் மட்டும் விடாமல் வந்தால் ராம். எந்தச் சத்தமும் இல்லை என்றால் கோளாறு புராசசரிலோ போர்டிலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ. கம்பெனிக்குக் கம்பெனி இந்த மொழி கொஞ்சம் மாறும், அவருக்கு எல்லாமே மனப்பாடம்.

ஸ்டிக்கை வெளியே எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் அதன் தங்கநிறப் பற்களை இரண்டு பக்கமும் தேய்த்தார். கருப்பாகத் துகள் உதிர்ந்தது. மறுபடி செருகி ஆன் செய்தார். ஒரே ஒரு குட்டை பீப். திரை வந்தது.

இந்தக் காதை அவருக்குக் கொடுத்தது ரேடியோ. 1980-களின் கடைசியில் மேல்விஷாரத்திலிருந்து படிப்பை விட்டுவிட்டு இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு இங்கே பெரும்பாலும் ரேடியோ, டேப் ரிக்கார்டர் உதிரிபாகக் கடைகள்தான். ஒரு முதலாளியிடம் டீ வாங்கி வரும் பையன். ரேடியோவில் பாட்டுக்கு அடியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடினால் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று முதலாளி திறக்காமலே சொல்வாராம். மீட்டரை அவர் தொடுவதே அபூர்வம். "'முதல்ல கேளு, அப்புறம் தொடு'ன்னுவார் சார், தப்பா சொன்னா மண்டையில ஸ்க்ரூ டிரைவர் பிடியால ஒரு தட்டு."

தொண்ணூறுகளில் தெருவுக்கு 386, 486 கம்ப்யூட்டர்கள் வந்தன. போர்டில் ஜம்பர் மாற்றி வேகம் அமைக்கும் காலம். ஆங்கிலப் புத்தகத்தைப் படிக்க முடியாததால் படங்களை வைத்தே கற்றிருக்கிறார். 2000-த்தை ஒட்டி ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் திறந்தன. இரவெல்லாம் அசெம்பிள் செய்து, காலையில் வேலூர் பஸ்ஸில் டப்பா டப்பாவாக ஏற்றி அனுப்பியிருக்கிறார். அடுத்த சில வருடங்களில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் மட்டமான கண்டென்சர்கள் தலை உப்பி வெடித்தன. மற்றவர்கள் போர்டைத் தூக்கிப் போட்டபோது இவர் பழைய முதலாளி கடையில் சில்லறைக் காசுக்குக் கண்டென்சர் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு அது தெரியல. ரேடியோக்காரனுக்குத் தெரிஞ்சுது." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் லேசாக ஒரு மிதப்பு.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது, கைக்கு ஆண்ட்ராய்டு போன் வந்தது, பிரவுசிங் சென்டர்கள் மூடின. தொழில் முடிந்தது என்று ஊரில் செருப்புக் கடை வைக்க இடம்கூடப் பார்த்துவிட்டாராம். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைந்த பையன்கள்தான் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

அப்படிக் கூப்பிட்டவர்கள் அனைவருக்கும் அவர் உழைத்ததற்குக் கூலி, மெஷினுக்கு ஐந்நூறு ரூபாய். இங்கே என் கோபத்தைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ஒரு ராம் ஸ்டிக் பையன் கைக்கு வருவதற்குள் இறக்குமதியாளர், மாநில விநியோகஸ்தர், தெரு மொத்த வியாபாரி, கடைக்காரர் என்று எத்தனை கை! ஒவ்வொரு கையிலும் ஒரு பிசுக்கு ஒட்டிக்கொள்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 2021-இல் கார்டு தட்டுப்பாடு வந்தபோது, போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்கினால்தான் கார்டு என்று கட்டிக் கொடுத்தார்கள். இப்போது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் சாய்ந்துவிட்டன. 2025 டிசம்பரில் மைக்ரான் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்கும் தன் குரூஷியல் பிராண்டின் விற்பனையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ராம் விலை சில மாதங்களில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அது உலகத்துக் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய விலையில் வாங்கி அடுக்கிவைத்த பெட்டியைக் காலையில் 'ஸ்டாக் இல்லை' என்று மறைத்து, மாலையில் புது விலைக்கு எடுத்து வைப்பது எந்த உலகத்துக் காரணம்? பெட்டியைப் பூட்டிவைத்தவனுக்கு ஆயிரக்கணக்கில் லாபம். அதைப் போட்டு, உயிர் கொடுத்து, பீப் கேட்டுத் தருகிறவனுக்கு ஐந்நூறு. அதிலும் பேரம் பேசுகிறோம்.

பாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவங்களும் முடங்கிப் போன சரக்குல நஷ்டம் பாத்திருக்காங்க சார்" என்றார். என் பிரசங்கம் அவருக்குப் பிடிக்கவில்லை.

மருமகனுக்கோ கார்டு வேண்டும். செகண்ட் ஹேண்டில் ஏதாவது இருக்குமா என்று கேட்டான். பாய் மறுத்துத் தலையாட்டினார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றியதும், அதை உருவாக்கும் 'மைனிங்' வேலையில் இரவு பகலாக ஓடிய கார்டுகள் தரகர்கள் வழியாகச் சந்தையில் கொட்டின. கழுவித் துடைத்துப் புதுப் பெட்டியில் வரும். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற போலிகளும் உண்டு. "அரை மணி நேரம் முழு லோடுல ஓட்டி, ஃபேன் சத்தம் கேக்காம வாங்காதே. நான் எடுத்துத் தர மாட்டேன்" என்றார். பிறகு அவனிடம் மானிட்டர் மாடலைக் கேட்டு, போனில் தேடிப் பார்த்தார்.

"75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வெச்சிருக்க. செட்டிங்ல எவ்ளோ வெச்சிருக்க?"

அவனுக்குத் தெரியவில்லை.

"60-லயே கிடக்கும். வீட்டுக்குப் போய் முதல்ல அதை மாத்து, அப்புறம் கார்டைப் பத்திப் பேசு" என்றார்.

இரவு வீட்டில் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தோம். 60-இல்தான் இருந்தது.