நீரில் மின்னிய தங்கம்



பதினைந்து வயது என்றதும் நம் நினைவுக்கு வருவன பொதுத் தேர்வும் மதிப்பெண்ணும்தான். அதே வயதில் உலகையே வியக்க வைத்தார் ஒரு மாணவி. அவர்தான் ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை ஷேன் கூல்ட்.

1956-ஆம் ஆண்டு சிட்னியில் பிறந்த ஷேன், குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் பிஜித் தீவில் வளர்ந்தார். பின்னர் சிட்னியில் ஃபோர்ப்ஸ் கார்லைல் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் பயின்றார். 1972 ஜனவரிக்குள் ஃப்ரீ ஸ்டைல் நீச்சலில் 100, 200, 400, 800, 1500 மீட்டர் ஆகிய ஐந்து தூரங்களிலும் பெண்களுக்கான உலக சாதனைகள் அவர் வசமாயின. குறுகிய தூரத்திற்கு வேகம் வேண்டும். நெடுந்தூரத்திற்குத் தாங்கும் சக்தி வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிதன்றோ!

அவ்வாண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்கு அவர் சென்றபோது, 'மின்னுவதெல்லாம் கூல்ட் அல்ல' என்று எழுதிய பனியன்களை அணிந்து அமெரிக்க வீராங்கனையர் கேலி செய்தனர். ஷேன் தண்ணீரில் பதில் சொன்னார். 200 மீட்டர், 400 மீட்டர் ஃப்ரீ ஸ்டைல், 200 மீட்டர் தனிநபர் மெட்லி ஆகிய மூன்றிலும் தங்கம். மூன்றும் உலக சாதனை! 800 மீட்டரில் வெள்ளியும் 100 மீட்டரில் வெண்கலமும் கிடைத்தன.

1973-இல் 1500 மீட்டரை 17 நிமிடத்திற்குள் நீந்திய முதல் பெண் என்ற பெருமையும் பெற்றார். அதே ஆண்டில், பதினாறே வயதில், போட்டிகளிலிருந்து விலகிவிட்டார்!

இதைப் படித்ததும் எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. "கையிலிருந்த புகழை விடலாமா?" என்றனர் சிலர். "அவர் உடல், அவர் உழைப்பு, முடிவும் அவருடையதே" என்றோம் மற்றவர்கள். முதல் ரேங்க் வாங்கும் தோழியிடம், "அடுத்த தேர்விலும் நீதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "களைப்பாக இருக்கிறதா?" என்று கேட்பவர் யார்? வெற்றி பெறுவதைவிட, பெற்ற வெற்றியைச் சுமப்பது கடினம் என்பதை நாங்களும் கண்டிருக்கிறோம்.

ஷேனின் வாழ்வு அத்துடன் முடிந்துவிடவில்லை. பதினெட்டு வயதில் மணம் முடித்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் பண்ணை வாழ்க்கை நடத்தினார். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில், அரங்கினுள் தீபம் ஏந்திய வீராங்கனையருள் அவரும் ஒருவர். மூத்தோர் நீச்சல் போட்டிகளிலும் மகிழ்ச்சியோடு நீந்தினார். 2018-இல், 61 வயதில், 'சர்வைவர்' என்ற கடினமான தொலைக்காட்சிப் போட்டியிலும் வென்றார்.

எனவே தோழியரே, முழு மூச்சோடு முயல்வோம். பரிசு வந்தால் மகிழ்வோம். ஆனால் பதினைந்து வயதில் வாங்கும் பரிசோ, வாங்காத பரிசோ, நம் வாழ்வின் கடைசி வரி அன்று என்பதையும் மறவாதிருப்போம்!