வண்டி போன பிறகு

பூதலூரில் என் தங்கை வீட்டுக் கூடம். அவளுடைய ஐந்து வயதுப் பேத்திக்குப் பாட்டு வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

“மூணு மாசமாச்சு மாமா, இன்னும் சரளி வரிசைதான். கீர்த்தனம் எப்போ வரப் போறது?” என்று அலுத்துக்கொண்டான் குழந்தையின் தகப்பன், என் மருமான்.

எனக்கும் அந்த அவசரம் உண்டு. ஆனால் புரந்தரதாசர் பாலபாடத்துக்கு மாயாமாளவகௌளையை வைத்தார் என்பார்களே, அது சும்மா அல்ல. ஸரிகம நடக்கிற இடைவெளியிலேயே பதநிஸவும் நடக்கிறது. காது ஒரு பாதியைப் பிடித்தால் மறு பாதி தானே வரும். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் வாசித்த கோட்டுவாத்தியத்தில் மெட்டுகளே கிடையாது. ஸ்வரத்தின் இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். குழந்தையின் தொண்டையும் அப்படித்தானே?

அப்போது தஞ்சாவூர் வண்டி தடதடவென்று வந்தது. வாத்தியார் நிறுத்திவிட்டார். குழந்தையும் வாயை மூடிக்கொண்டது. ஆனால் தொடைமீது அந்தச் சின்னக் கை நிற்கவில்லை. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எட்டு எட்டாக எண்ணிக்கொண்டே இருந்தது. வண்டி போனதும் தட்டு விழுந்த இடத்தில் ஸட்ஜம் எழுந்தது, சுருதியோடு ஒட்டி.

மருமான் என்னைப் பார்த்தான். பேசவில்லை.

அத்தனை இரைச்சலிலும் தன் கணக்கை விடாமல் காத்திருக்க அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இந்த வயசிலும் அது முழுசாகக் கைவரவில்லை. கீர்த்தனம் மெதுவாக வரட்டுமே.