கண்ணாடி மறைத்த கணம்

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள், லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில், 45 பாகைச் சாய்வில் ஒரு சிறு கண்ணாடி நிற்கிறது. லென்ஸ் வழியே நுழையும் ஒளியை அது மேலே திருப்பிவிடுகிறது. ஐங்கோணப் பட்டகத்தில் எதிரொளித்து நேரான பிம்பம் வியூஃபைண்டரில் கண்ணுக்குத் தெரிகிறது. ஷட்டர் பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கும், ஷட்டர் திறக்கும், சென்சாரில் ஒளி விழும், ஷட்டர் மூடும், கண்ணாடி மறுபடி இறங்கும். காதில் விழும் 'க்ளாக்' சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையது. மிரர்லெஸ் கேமராவில் இது கிடையாது. ஒளி எந்நேரமும் நேரே சென்சாரில் விழுகிறது. சென்சார் காண்பதை ஒரு சின்னஞ்சிறு மின்திரை கண்ணுக்குக் காட்டுகிறது. மலையையோ கோபுரத்தையோ படமெடுப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஓடுவதையும் பாய்வதையும் எகிறுவதையும் படமெடுப்பவருக்கோ தொழிலின் பாதி அந்தக் கண்ணாடியைச் சுற்றியே அமைந்திருந்தது.

கண்ணாடி மேலே மடங்கியிருக்கும் நேரத்தில் வியூஃபைண்டர் இருண்டுபோகிறது. படம் பதிவாவதும் அந்த நேரத்தில்தான். ஆகவே டிஎஸ்எல்ஆரில் எடுத்த எந்தப் படத்தின் கணத்தையும் எடுத்தவர் வியூஃபைண்டரில் பார்த்ததில்லை. ஸ்டம்ப் சாய்ந்து பெய்ல்ஸ் தெறிப்பதைக் கண்ணால் கண்டுவிட்டால் அந்தப் படம் கைவிட்டுப் போய்விட்டது என்று பொருள். கண்ணுக்குத் தப்பியிருந்தால் கேமராவில் இருக்கலாம். பிலிம் காலத்திலிருந்து விளையாட்டுப் புகைப்படக்காரர்கள் இந்தக் குருட்டுக் கணத்தோடுதான் பழகி வந்தார்கள்.

கிரிக்கெட்டை வைத்துக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்பட்ட பந்து ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 39 மீட்டர் செல்லும். கண் பார்த்து விரல் அழுத்த ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் பந்து 8 மீட்டர் கடந்திருக்கும். ஆடுகளத்தின் மொத்த நீளமே 20.12 மீட்டர்தான். பந்து மட்டையில் படுவதைப் பார்த்த பிறகு அழுத்துபவருக்கு, பந்து மட்டையை விட்டு விலகிப்போன படம்தான் கிடைக்கும். எனவே பந்து வீச்சாளரின் தோள் திரும்புவதையும் பேட்ஸ்மேனின் முன்கால் எங்கே போகிறது என்பதையும் படித்து, நடக்கப்போவதை ஊகித்து, நடக்கும் முன்பே விரலை அழுத்தும் பழக்கம் வளர்ந்தது. ஆட்டத்தை ஆடுபவர் அளவுக்கே அறிந்தவர்தான் நல்ல ஆட்டப் படத்தை எடுக்க முடிந்தது.

இந்த இருட்டைப் போக்கக் கேமரா நிறுவனங்கள் முன்பே முயன்றன. 1965-இல் கேனான் வெளியிட்ட பெலிக்ஸ் கேமராவில் கண்ணாடி மடங்காது. அது மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம். பெரும்பகுதி ஒளியைப் பிலிமுக்கும் மீதியைக் கண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தது. 1995-இல் வந்த ஈஓஎஸ்-1என் ஆர்எஸ் இதே முறையில் விநாடிக்கு 10 படங்கள் எடுத்தது. ஆனால் பிலிமுக்குப் போகவேண்டிய ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாலை வெளிச்சத்தில் ஒவ்வொரு துளி ஒளியையும் எண்ணி வாழும் விளையாட்டுப் புகைப்படக்காரருக்கு அது பெரிய விலை. முறை நிலைக்கவில்லை. மடங்கும் கண்ணாடியையே இன்னும் வேகமாக மடக்கும் வழியில் தொழில்நுட்பம் போனது. 2020-இல் வெளியான நிக்கான் டி6 விநாடிக்கு 14 முறையும், கேனான் 1டிஎக்ஸ் மார்க் III 16 முறையும் கண்ணாடியை ஏற்றி இறக்கின. ஒரு விநாடிக்குள் 16 முறை ஒரு கண்ணாடி எழுந்து, இறங்கி, அதிராமல் நின்று, மறுபடி எழுகிறது. இயந்திர வேலைப்பாட்டின் உச்சம் என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

கண்ணாடி ஏன் ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டும்? கண்ணுக்காக மட்டுமென்றால் சமாளித்துவிடலாம். ஃபோகஸுக்கும் அதுதான் வழி. பெரிய கண்ணாடியின் பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஒளியில் ஒரு பகுதியைக் கேமராவின் அடிப்பகுதியில் உள்ள தனி ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்புகிறது. கண்ணாடி மேலே போனால் ஃபோகஸ் சென்சாருக்கும் கண் போய்விடும். இரண்டு படங்களுக்கு இடையே கிடைக்கும் துணுக்கு நேரத்தில் அது ஓடிவரும் ஆளின் தூரத்தை அளந்து, அடுத்த படம் எடுக்கும்போது அவர் எங்கே இருப்பார் என்று கணித்து, லென்ஸை நகர்த்த வேண்டும். அந்தச் சென்சாரின் புள்ளிகள் வியூஃபைண்டரின் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கும். டி6-இல் 105, 1டிஎக்ஸ் மார்க் III-இல் 191. படத்தின் ஓரத்துக்கு ஓடும் ஆளை அவை கைவிட்டுவிடும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்டப் படங்களில் ஆள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கிறார். அழகுணர்வு காரணம் என்று எண்ணியிருந்த பல விஷயங்கள் உண்மையில் இயந்திரத்தின் எல்லைகள்.

மிரர்லெஸ் கேமராவில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. 2017-இல் வந்த சோனி ஏ9 தன் சட்டகத்தில் 93 சதவீதப் பரப்பில் 693 ஃபோகஸ் புள்ளிகளைப் பரப்பி வைத்து, விநாடிக்கு 60 முறை தூரத்தைக் கணக்கிட்டது. வியூஃபைண்டர் இருளாமல் விநாடிக்கு 20 படங்கள் எடுத்தது. சென்சாரில் தெரியும் பிம்பம் கணினிக்கும் தெரிவதால் ஆளின் முகம், கண், தலை எது என்று அடையாளம் கண்டு அதையே துரத்துவதும் கைகூடியது. பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவரின் கை செய்த வேலையில் ஒரு பெரும்பகுதியைக் கேமரா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

ஏ9-க்கு முன்பும் மிரர்லெஸ் கேமராக்கள் இருந்தன. 2008-லேயே பானசோனிக் ஜி1 வந்துவிட்டது. ஆனால் ஆட்டக்களத்தில் அவை எடுபடவில்லை. காரணம் சென்சாரைப் படிக்கும் வேகம். ஓசையில்லாத மின்ஷட்டரில் சென்சாரின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கப்படுகின்றன. மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு வர 25-இல் ஒரு விநாடி ஆகுமென்றால், அதற்குள் நம் பந்து ஒன்றரை மீட்டர் போய்விடும். விளைவு: வீசிய மட்டை வாழைத்தண்டு போல வளையும், கால்ஃப் மட்டை வில்லாகும். ஏ9-இன் அடுக்குச் சென்சார், நினைவகத்தைத் தன் முதுகிலேயே சுமந்துகொண்டு, இந்த நேரத்தை ஏறத்தாழ 160-இல் ஒரு விநாடியாகக் குறைத்தது. பந்தின் நகர்வு ஏறத்தாழ 24 சென்டிமீட்டராகச் சுருங்கியது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 இன்னும் வேகமாகப் படித்ததால் இயந்திர ஷட்டரே இல்லாமல் வெளிவந்தது. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. வளைவு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. அதற்கு ஈடாக அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-இல்தான் தொடங்குகிறது. நிழல் பகுதிகளில் நுணுக்கமும் சற்றுக் குறைகிறது.

இந்த வளைவு புதிய நோய் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான ழாக் ஆன்றி லார்திக் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் நிற்பவர்கள் எதிர்ப்புறம் சாய்ந்திருக்கிறார்கள். அவருடைய கேமராவின் ஷட்டர் பிளவு மெதுவாக நகர்ந்ததே காரணம். வேகத்தைக் காட்டும் படம் என்றதும் இன்றும் பலர் அதையே நினைக்கிறார்கள்.

மின்திரை வியூஃபைண்டர் மீது மூத்தவர்கள் சொல்லும் குறை நியாயமானது. டிஎஸ்எல்ஆரில் கண் காண்பது ஒளியையே. அதில் தாமதம் இல்லை. மின்திரையில் தெரிவது சென்சார் படித்து, செயலி வடித்து, திரை ஒளிர்ந்த பிறகு வரும் பிம்பம். சில மில்லிவிநாடிகள் பழையது. நல்ல கேமராக்களில் இந்த இடைவெளி இப்போது உணரமுடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் இன்னொரு தொல்லை இருக்கிறது. அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு எதிரே லென்ஸைக் குறிவைத்துக் காத்திருப்பவரை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த காளை எப்போது வரும் என்பது தெரியாது. பேட்டரியை மிச்சப்படுத்தக் கேமரா உறங்கிவிடும்; காளை பாயும்போது விழித்தெழ ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் காட்சி, கேமராவை அணைத்து வைத்திருந்தாலும் தெரியும். உறங்கும் நேரத்தை நீட்டி வைத்து, கூடுதலாக இரண்டு பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொள்வதே இதற்கு மருந்து. ஒரு சார்ஜுக்கு எத்தனை படம் என்ற பொதுத் தர அளவீட்டில் டி6-க்கு 3,580. இசட்9-க்கு ஏறத்தாழ 700. தொடர்ந்து சுடும்போது இரண்டுமே இதைவிட மிக அதிகம் எடுக்கும் என்றாலும் விகிதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும்.

வாடிவாசல் வேறு சிலவற்றையும் கற்றுத்தருகிறது. அங்கே சட்டகம் முழுக்க முகங்கள். திமிலைப் பிடித்தவரின் முகம் காளையின் கழுத்தில் புதைந்திருக்கும். முகம் தேடும் ஃபோகஸோ பின்னால் தடுப்பைப் பிடித்து நிற்கும் யாரோ ஒருவருடைய கண்ணுக்குத் தாவிவிடும். அந்த இடத்தில் அடையாளம் காணும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு சிறு புள்ளியைத் திமிலின் மேல் வைப்பதுதான் உத்தமம். பழைய பழக்கம் அங்கே புதுக் கேமராவிலும் கைகொடுக்கிறது. புழுதியும் ஒரு சங்கடம். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேரே வெளியே தெரியும். அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் கேமராக்கள் உண்டு. இல்லாதவற்றில் லென்ஸ் மாற்றுவதைவிட இரண்டாவது கேமராவை வைத்துக்கொள்வது மேல்.

கண்ணாடி போனதன் ஆழமான விளைவு முன்பதிவில் தெரிகிறது. சென்சார் எந்நேரமும் விழித்திருப்பதால், ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்திய நிலையிலேயே படங்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டும் பழையதைத் தள்ளிக்கொண்டும் இருக்க முடியும். முழுதாக அழுத்தும்போது, அதற்கு முந்தைய நேரமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒலிம்பஸ் 2016-இல் ஈ-எம்1 மார்க் II-இல் இதைக் கொண்டுவந்தது. ஏ9 III-இல் ஒரு விநாடி வரை பின்னோக்கிப் போகலாம். விநாடிக்கு 120 படங்கள் வேகத்தில். ஐந்தில் ஒரு விநாடி தாமதிக்கும் மனித விரலுக்கு ஒரு விநாடி கடன் கிடைத்தது போல. 1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்தி, பாதையின் குறுக்கே இழைகளைக் கட்டி, ஓடும் குதிரையே அவற்றை அறுத்துத் தன்னைப் படமெடுக்கும்படி செய்தார். விரலை நம்பினால் நடக்காது என்பதை அவர் அன்றே கண்டிருந்தார்.

ஊகிக்கும் திறமைக்கு இனி வேலையில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். வருத்தம் புரிகிறது, ஆனால் முழுதும் சரியல்ல. 400 மில்லிமீட்டர் லென்ஸ் களத்தின் ஒரு கீற்றைத்தான் காட்டும். பாயின்ட்டில் நிற்பவர் பாய்ந்து பிடிக்கும்போது லென்ஸ் பேட்ஸ்மேன் மேல் இருந்தால், சேர்த்து வைத்த ஒரு விநாடியில் பேட்ஸ்மேன்தான் இருப்பார். எங்கே உட்காருவது, வெயில் எந்தப் பக்கம் இறங்கும், சதமடித்தவர் எந்தத் திசையில் திரும்பி மட்டையை உயர்த்துவார் என்பதையெல்லாம் எந்தச் செயலியும் சொல்லாது. விரல் நுனியிலிருந்த ஊகம் கால் வைக்கும் இடத்துக்கும் லென்ஸ் திரும்பும் திசைக்கும் நகர்ந்திருக்கிறது.

ஓசையின்மை சில ஆட்டங்களில் மட்டுமே பொருட்டு. கால்ஃபில் மட்டை பந்தைத் தொடும் முன் ஷட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்பது கட்டுப்பாடு; மட்டையை ஓங்கும் நிலையை அருகிலிருந்து எடுக்க மிரர்லெஸ் வழிவிட்டது. சதுரங்கக் கூடத்திலும் அதே நிம்மதி.

உள்ளரங்கத்தில் மின்ஷட்டருக்குச் சோதனை காத்திருக்கிறது. இந்திய மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. பழைய குழல்விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. எல்இடி விளம்பரப் பலகைகள் இன்னும் வேகமாகத் துடிக்கின்றன. வரிவரியாகப் படிக்கும் சென்சாரில் இந்தத் துடிப்பு குறுக்குப் பட்டைகளாக விழும். விளக்கு உச்சத்தில் ஒளிரும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனான் 2014-லேயே 7டி மார்க் II என்ற டிஎஸ்எல்ஆரில் கொடுத்தது. கபடி, கைப்பந்து அரங்குகளில் படமெடுப்பவர் இயந்திர ஷட்டரை வைத்திருக்கும் கேமராவை விரும்புவதற்கு இந்தப் பட்டைகளே காரணம்.

புதிய தலைமுறை எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. 2018-இல் கேனானும் நிக்கானும் புதிய லென்ஸ் வாய்களோடு மிரர்லெஸ்ஸுக்கு மாறத் தொடங்கின; 2020-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்குச் சோனி மிரர்லெஸ் கேமராக்களைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் பள்ளி விளையாட்டு விழாவையும் மாவட்டத் தடகளப் போட்டியையும் எடுப்பவர் கடன் வாங்கி மாற வேண்டியதில்லை. 7டி மார்க் II, 2016-இன் நிக்கான் டி500 இரண்டும் விநாடிக்கு 10 படங்கள் எடுப்பவை. பயன்படுத்திய கேமராவாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மிச்சமாகும் பணத்தை நல்ல லென்ஸில் போடலாம். கேனானின் பழைய ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் மூலம் புதிய கேமராவில் நன்றாகவே வேலை செய்யும். நிக்கானில் கொஞ்சம் கவனம் தேவை: கேமராவுக்குள் இருக்கும் மோட்டாரை நம்பிய பழைய லென்ஸ்கள் நிக்கானின் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகாது.

கடைசியாகக் குவியும் படங்கள். ஒரு டி20 ஆட்டத்தில் 240 பந்துகள் வீசப்படுவதாக வைத்துக்கொண்டு, பந்துக்கு ஒரு விநாடி எடுத்தால், 20 வேகத்தில் 4,800 படங்கள். 120 வேகத்தில் 28,800. செய்தித்தாளுக்கு வேண்டியது ஒன்றோ இரண்டோ, அதுவும் ஆட்டம் முடியும் முன்பே. ஏ9 III-இல் ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கும் வரை மட்டும் வேகம் கூடும்படி அமைத்துக்கொள்ளலாம். மற்ற நேரம் 15, 20 என்று நிதானமாக ஓடவிட்டு, பந்து வீச்சாளர் யார்க்கருக்கு ஓடிவருகிறார் என்று தோன்றும்போது மட்டும் அந்தப் பொத்தானுக்கு விரல் போகிறது.