பொறுத்தம்

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. சின்ன ‘ர’வும் பெரிய ‘ற’வும் இடம் மாறிக் கிடந்தால் என் பேனா தானாக அங்கே போய்விடும்.

அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று அக்காவுக்கும் எனக்கும் தகராறு வந்தது. ‘உனக்கும் எனக்கும் பொறுத்தமே இல்லடி’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். ‘பொருத்தம். சின்ன ர’ என்று பதில் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்று, தையல் மெஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். அதன்பின் ஒரு வருடம் பேச்சே இல்லை.

அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் இருவரும் ஒரே கட்டிலருகே வந்து நின்றோம். ஆபரேஷனுக்கு வந்த ரத்தப் பையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரத்த வகை, பை எண், அதன் கீழே ‘கம்பாட்டிபிள்’. கொடுப்பவரின் சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தோடு கலந்து பார்ப்பார்கள். கட்டிகட்டியாகத் திரளாவிட்டால் அந்தச் சொல்லை எழுதுவார்கள். மோதல் இல்லாவிட்டால் பொருத்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்றிரவு வராந்தாவில் உட்கார்ந்து ‘கம்பாட்டிபிள்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் பார்த்தேன். லத்தீனில் ‘கொம்’ என்றால் கூட. ‘பதி’ என்றால் துன்பப்படுவது, தாங்குவது. கூடச் சேர்ந்து தாங்கக்கூடியது என்ற பொருளில் பிறந்த சொல், பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. ஒரே பாதிரியார் சேர்த்து வகிக்கக்கூடிய இரண்டு திருச்சபைப் பதவிகளையும் அப்படிச் சொன்னார்கள். நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’, பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’, பரிவைச் சொல்லும் ‘கம்பாஷன்’ எல்லாம் அதே வேரில் கிளைத்தவை.

விடியற்காலையில் அம்மாவுக்குப் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. கால் அசையக்கூடாது. தோளை அக்கா பிடித்தாள், இடுப்பை நான். அவள் ‘ம்’ என்றதும் ஒரே மூச்சில் புரட்டினோம். அம்மா முனகினாள். எங்கள் இருவர் முகமும் ஒன்றாகச் சுருங்கியது.

தமிழில் பொருத்தமும் பொறுத்தலும் வேறு வேறு சொற்கள்தான். ஆனாலும் அக்கா எழுதிய அந்த வரியை இப்போது திருத்த எனக்குக் கை வராது. அன்று அவள் பெரிய ‘ற’ போட்டதில் பிழையே இல்லை. எனக்குத்தான் பொறுக்கத் தெரியவில்லை.