துளைக்கும் ஓர் அளவு உண்டு

எங்கள் அறையில் மூன்று பேர். மூவருக்கும் ஒரே றெஸ்ரோறன்ற் குசினியில்தான் வேலை. மூவரும் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு வந்தவர்கள். கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, நடுச்சாமம் கழிந்து திரும்பினால் உடம்பு படுக்கையைக் கேட்கும். மண்டைக்குள் வேறொன்று விழித்திருக்கும். அந்த நேரத்தில்தான் பழைய மடிக்கணினியில் ஓப்பன்ஸ்காட்டைத் திறக்கிறோம்.

2010இல் வெளிவந்த, காசு கேட்காத நிரல் அது. இதில் மவுஸால் கோடு இழுப்பதில்லை. வேண்டிய உருவத்தைச் சொல்லாலும் எண்ணாலும் எழுதவேண்டும்.

குசினியில் ஓடர் துண்டு அடிக்கும் சின்ன மெசினை இறாக்கையில் பொருத்த ஒரு தட்டு தேவைப்பட்டது. நீளம் 120 மில்லிமீற்றர், அகலம் 80, தடிப்பு 5. மூலைகளில் 3 மில்லிமீற்றர் ஸ்குறூ போக நாலு துளை. எழுதி முடித்தால் முப்பரிமாண அச்சு மெசினில் அடித்து எடுக்கலாம்.

துளை என்றால் ஒன்றுமில்லாத இடம் என்றுதான் நினைப்போம். இங்கே அப்படியல்ல. முதலில் துளையின் வடிவில் ஓர் உருளையைச் செய்து, பிறகு அதைத் தட்டிலிருந்து கழிக்கவேண்டும். உருளை தட்டின் தடிப்பளவே இருந்தால் போதாது. இரண்டின் முகங்களும் ஒரே மட்டத்தில் படிந்தால் துளையின் வாயில் மெல்லிய தோல்போல ஒன்று திரையில் மினுங்கும். ஆகவே மேலும் கீழும் ஒவ்வொரு மில்லிமீற்றர் நீட்டி 7 என்று கொடுக்கவேண்டும்.

வட்டமும் அங்கே பல பக்கங்கள் கொண்ட உருவந்தான். ஸ்குறூ இலகுவாகப் போக 3.4 விட்டம் கொடுத்து, பக்க எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் நிரல் ஆறு பக்கங்களையே போடும். மூலைக்கு மூலை 3.4, பக்கத்துக்குப் பக்கம் 2.94. ஸ்குறூ எப்படிப் போகும்? 48 பக்கம் என்று எழுதினால் 3.39 வரும். அச்சில் துளை இன்னும் சற்றுச் சுருங்கும். அதற்கும் ஓர் எண்ணைக் கூட்டவேண்டும்.

துளையின் இடத்தை 110 என்று எழுதாமல் ‘நீளம் கழித்தல் 10’ என்று எழுதினோம். பிறகு முதலாளி பெரிய மெசின் வாங்கினார். 120ஐ 150 ஆக்கினோம். துளைகள் தாமாகவே 140க்கு நகர்ந்தன.

விண்ணப்பப் படிவங்களில் கல்வி என்ற இடத்தில் தொடங்கிய வருடத்தை எழுதுகிறோம். முடித்த வருடத்துக்கான கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத இடம். எங்களுக்கோ அதன் நீளமும் ஆழமும் தெரியும், எந்தப் பரீட்சையில் எந்தப் பாடம் மிச்சம் என்பதுவரை.

தட்டில் நாலு ஸ்குறூவும் இறுகி நிற்கின்றன. செய்தவர் என்ன படித்தவர் என்று குசினியில் ஒருவரும் கேட்கவில்லை. பாண் வெட்டும் மெசினுக்கு ஒரு கைபிடி செய்துதரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மூன்று துளை.