கப்பலுக்குக் காத்திருக்கும் ஊர்கள்

உல்லாசக் கப்பல் தொழிலில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் புளோரிடாவில் கூடுகிறார்கள். சீட்ரேட் மாநாடு என்று பெயர். 2024 ஏப்ரலில் மயாமி பீச் மாநாட்டு மையத்தில் அது நடந்தபோது, பயண எழுத்தாளன் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். கப்பல்களைப் பற்றி எழுதும் எண்ணம்தான் இருந்தது. ஆனால் குறிப்பேட்டை இப்போது புரட்டினால் பெரும்பாலும் ஊர்களைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறேன்.

கடற்கரை சில நிமிட நடைத் தொலைவில்தான். மண்டபத்திற்குள் உப்புக் காற்றின் வாடைகூட இல்லை. தரைவிரிப்பு, உயிர்காப்புப் படகு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம், நாடக மேடைக்கான விளக்கு என்று வரிசை வரிசையாக அரங்குகள். அவற்றை விரைவாகக் கடந்துவிட்டேன். என்னை நிறுத்தியவை துறைமுகங்களின் அரங்குகள். கரீபியத் தீவுகள், மத்தியதரைக் கடல் நகரங்கள், வட ஐரோப்பிய ஊர்கள் எல்லாம் கடை விரித்திருந்தன. கப்பல் நிறுவனத்தின் அட்டை அணிந்த ஒருவர் கடந்து போனால் போதும், மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். என் அட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தவர்களும் உண்டு.

ஊரைத் தேடிப் பயணி போவான் என்பது நம் பழைய எண்ணம். இங்கே ஊர் கப்பலைத் தேடி வந்து வாசலில் நிற்கிறது. கையில் உள்ள கோப்பில் கோவில்களோ கவிஞர்களோ இல்லை. துறையின் ஆழம் எவ்வளவு, கப்பல் அணையும் மேடையின் நீளம் எவ்வளவு, இறங்கிய பயணியைக் கடைத்தெருவில் சேர்க்க எத்தனை நிமிடம் ஆகும், இவைதான் இருக்கின்றன.

காரணம் எளிது. துறைமுகத்தால் நகர முடியாது, கப்பலால் முடியும். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பயணம் புறப்பட்ட ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அதிகபட்சம் 7,600 பயணிகள் ஏறலாம். இப்படிப்பட்ட ஒன்று வரவேண்டுமென்றால் கடலடியைத் தோண்ட வேண்டும், மேடையை நீட்ட வேண்டும். கடன் வாங்கிக் கான்கிரீட் போட்ட தீவு அதே இடத்தில் கிடக்கும். கப்பலோ அடுத்த பருவத்தில் பக்கத்துத் தீவுக்கு முகம் திருப்பலாம். 1990களின் தொடக்கத்தில் கரீபிய நாடுகள் கூடிப் பேசி, இறங்கும் பயணி ஒருவருக்குக் குறைந்தது 10 டாலர் வரி என்று வைக்க முயன்றன. ஒன்று குறைத்து வாங்கினாலும் மற்றவை இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் அந்த ஒற்றுமை நிலைக்கவில்லை.

ஊரே தேவையில்லை என்ற வழியும் இருக்கிறது. நார்வேஜியன் நிறுவனம் 1977இலேயே பஹாமாஸில் ஒரு தீவை வாங்கியது. ராயல் கரீபியன் தன் கோகோ கே தீவில் 25 கோடி டாலர் செலவிட்டு நீர்ச்சறுக்குகளும் குளங்களும் அமைத்து 2019இல் திறந்தது. அங்கே பயணி செலவழிக்கும் காசு கப்பலை விட்டு வெளியே போவதில்லை. ஊர் என்ற சொல்லுக்கு இதில் என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

விண்ட்வர்ட் தீவுகளில் ஒன்றைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் என்னிடம் நெடுநேரம் பேசினார். அறுபதை நெருங்கியவர். அவருடைய அப்பா வாழை விவசாயி. ஐரோப்பியச் சந்தையில் அந்தத் தீவுகளின் வாழைப்பழத்திற்கு இருந்த சலுகையை எதிர்த்து அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகள் சிலவும் வழக்குத் தொடுத்தன. 1997இல் உலக வர்த்தக அமைப்பு அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. சிறு விவசாயிகள் ஆயிரக்கணக்கில் தோட்டத்தை விட்டார்கள். "கப்பல் வேண்டாம் என்று சொல்லும் வசதி வெனிஸுக்கு இருக்கிறது ஐயா, எங்களுக்கு இல்லை" என்றார். (பெருங்கப்பல்கள் புனித மார்க் சதுக்கத்தை ஒட்டிய நீர்வழியில் நுழைவதை இத்தாலி 2021 ஆகஸ்டில் தடை செய்தது.) உல்லாசக் கப்பல்களை ஏளனம் செய்வது எழுத்தாளர்களுக்கு எளிய பொழுதுபோக்கு. அவருக்கு முன்னால் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மலைமேல் இருக்கும் தன் தாயின் கிராமத்தைப் பற்றிச் சொன்னார். மழைக்கால மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமாம். போக இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். நான் எழுதுகோலை எடுத்தேன். அவர் கையால் தடுத்தார். "அதை எழுதாதீர்கள். அங்கே போனால் கப்பலைத் தவறவிடுவார்கள். எங்கள் ஊரை மூன்று மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று எழுதுங்கள். அதுதான் எங்களுக்கு உதவும்." பயண எழுத்தாளனிடம் இதுவரை யாரும் இப்படி ஒரு வரம் கேட்டிருப்பார்களா தெரியவில்லை.

மாநாட்டில் உற்சாகத்திற்குக் குறைவில்லை. 2023இல் உலகெங்கும் உல்லாசக் கப்பலேறியவர்கள் 3 கோடியே 17 லட்சம் பேர். கொள்ளைநோய்க்கு முந்தைய 2019இன் கணக்கைத் தாண்டியாகிவிட்டது. அதே புளோரிடாவில், தெற்குக் கோடியில் கீ வெஸ்ட் இருக்கிறது. நாளொன்றுக்கு 1,500 பேருக்கு மேல் கப்பலிலிருந்து இறங்கக் கூடாது என்று 2020 நவம்பரில் அவ்வூர் மக்கள் வாக்களித்தார்கள். அறுபது சதவீதத்திற்கும் மேலான ஆதரவு. மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் அந்த வாக்கைச் செல்லாததாக்கியது. வசதியுள்ள ஊருக்கும் வேண்டாம் என்று சொல்வது அத்தனை எளிதில்லை போலும்! அலாஸ்காவின் தலைநகர் ஜூனோ, நிறுவனங்களோடு பேசி, 2024 பருவம் முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெருங்கப்பல்கள் என்று வரம்பிட்டது. பனியாறு பார்க்க வேறெங்கே போவது என்ற பலம் அதற்கு இருந்தது. வெயிலும் மணலும் மட்டுமே காட்டும் தீவுக்குப் பக்கத்திலேயே பத்துப் போட்டியாளர்கள்.

கட்டுரையில் மூன்று மணி நேரம் என்றும் எழுதவில்லை, மலைக் கிராமத்தின் பெயரையும் சொல்லவில்லை. அச்சானதும் அதிகாரிக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. கட்டுரையைப் பற்றி ஒரு வரி நன்றி. மற்றதெல்லாம் அடுத்த பருவத்தின் அட்டவணை. அவர்களுக்குச் செவ்வாய்க்கிழமைகள் கிடைத்திருக்கின்றன. புதன்கிழமைகள் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டன.